கம்பத்துக் கேமராவும் என் மாணவன் முகமும்



போன மாதம் எங்கள் வீதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பைக் திருடியவனாம். கம்பத்துக் கேமராவில் இருந்து வெட்டி எடுத்த படம். சற்று நேரத்தில் ஒருவர், "முகம் கண்டுபிடிக்கிற ஆப்பில் போட்டுப் பார்த்தேன், ஒத்துப்போகுதுங்க" என்று என் பழைய மாணவன் ஒருவனின் பெயரை எழுதிவிட்டார். அவனோ அன்றிரவு பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். கூட வேலை பார்த்தவர்கள் வந்து சொன்ன பிறகுதான் பேச்சு அடங்கியது. வரலாறு நடத்தியவன் சும்மா இருப்பேனா? தேடிப் படித்தேன்.

1880களில் பாரிஸ் போலீசில் அல்போன்ஸ் பெர்த்தியோன் என்ற எழுத்தர், கைதிகளின் உடலை அளந்து அட்டையில் பதியும் முறையைக் கொண்டுவந்தார். போட்டோ எடுப்பதையும் ஒழுங்குபடுத்தினார். ஆளுக்கொரு தூரத்தில் நின்று எடுத்தால் ஒரே ஆளின் இரண்டு படங்களைக்கூட ஒப்பிட முடியாது. அதனால் நாற்காலிக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தை நிலையாக்கினார். நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று. எல்லோருக்கும் ஏழில் ஒரு பங்கு அளவு. முகத்தை ஒப்பிடும் முன் தூரத்தைக் கட்டிப்போட்டார் மனுசன்.

1960களில் அமெரிக்காவில் உட்ரோ பிளெட்சோ இதைக் கணினிக்குக் கொண்டுபோனார். படத்தில் கண், வாய் இருக்கும் இடங்களை ஆட்கள் குறித்துக் கொடுக்க, கணினி 20 அளவுகளை ஒப்பிட்டது. தலை கொஞ்சம் திரும்பினாலே தடுமாறியது.

இப்போது நம் கம்பத்துக்கு வருவோம். முழு எச்டி கேமரா ஒரு வரிசையில் 1920 புள்ளிகள் பதியும். முகம் இருக்கும் இடத்தில் படத்துக்குள் 10 மீட்டர் அகல வீதி அடங்கினால், மீட்டருக்கு 192 புள்ளி. நம் இரு கண்மணிகளுக்கு நடுவே சுமார் 6.3 சென்டிமீட்டர். கணக்குப் போடுங்கள்: 12 புள்ளிதான்! பாஸ்போர்ட் படத்துக்கான சர்வதேச அளவுகோல் கேட்பது குறைந்தது 90. தூரம் இரட்டித்தால் புள்ளி பாதியாகிவிடும். செக்கிங் டேபிளில் துணியைக் கண்ணருகே பிடித்து ஊசி ஓட்டை பார்க்கும் அக்காவை, வீதியின் அந்தக் கோடியில் நின்று பார்க்கச் சொன்ன கதை.

கிட்டே போனாலும் வம்புதான். உயிர்வாழ் சான்றுக்காக நான் போனை மூக்கருகே பிடிக்க, அது ஏற்கவே இல்லை. "தாத்தா, கையை நீட்டுங்க" என்றாள் பேத்தி. ரொம்பக் கிட்டத்தில் மூக்கு பெருத்து, காது பின்னே ஒதுங்கி, முகத்தின் விகிதமே மாறும். 2017இல் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதர்களிடமே இதைச் சோதித்தார்கள். எடுத்த தூரம் மாறினால், அறியாத முகத்தை இரண்டு படங்களில் பார்த்து ஒரே ஆள்தான் என்று சொல்வது கடினமாகிறது. அறிந்த முகமென்றால் தடுமாற்றம் குறைவு.

காணாமல்போன குழந்தைகளைத் தேட டெல்லி போலீஸ் வைத்த மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம் என்று 2018இல் உயர் நீதிமன்றத்தில் அவர்களே சொன்னார்கள். அங்கே தூரம் மட்டும் காரணமில்லை, குழந்தை முகம் வளர்ந்து மாறும். பிறகு அதே போலீஸ், 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் சரியான பொருத்தம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் தந்தது. எத்தனை புள்ளிப் படத்தில் 80 என்று கேட்க வேண்டாமா? நம் தமிழ்நாட்டுப் போலீசும் 2021 முதல் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது.

அந்தப் பையன் இப்போது எங்கள் வீதி வழியாக வேலைக்குப் போவதில்லை, சுற்றிப் போகிறான். அந்தப் படம் யார் போனிலாவது இருந்தால் அழித்துவிடுங்கள், கண்ணுகளா. அவன் பெயரோடு யாருக்காவது அனுப்பியிருந்தால், அது அவன் இல்லை என்று அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.