நெப்ராஸ்காவில் தொலைமருத்துவம்

வைத்தியரை நாடி நோயாளி நெடும்பிரயாணம் செய்தே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை, சோளக்கொல்லைகளும் மேய்ச்சல் நிலங்களும் பரந்து கிடக்கும் அமெரிக்க மாநிலமான நெப்ராஸ்காவில், விஞ்ஞானத்தின் துணைகொண்டு தகர்க்க முற்பட்டவர் டாக்டர் சிசில் விட்சன். ஒமாஹா மனநல நிலையத்தில் 1959-லேயே இருவழித் தொலைக்காட்சியைச் சிகிச்சைக்குப் பிரயோகித்த அவர், 1964-இல் 112 மைல் தொலைவிலிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனையையும் அதனோடு இணைத்தார். மகத்தான காரியம் அது!

இன்று தொலைமருத்துவத்தின் வழியே நாடப்படும், உடற்பருமனைக் குறைக்கும் மருந்துகளின் சரித்திரமோ துயரம் கலந்தது. பென்டெர்மினோடு சேர்த்து லட்சக்கணக்கானோர் உட்கொண்ட ஃபென்ஃப்ளூரமின், இருதய வால்வுகளைப் பழுதாக்குவது புலப்பட்டு, 1997-இல் விற்பனையினின்று நீக்கப்பட்டது. பென்டெர்மின் போன்ற, சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளை, நோயாளியை ஒருமுறையேனும் நேரில் பரிசோதியாமல் இணையவழியே எழுதித் தரலாகாது என்று 2008-ஆம் ஆண்டின் அமெரிக்க ரயன் ஹெய்ட் சட்டம் பொதுவிதி வகுத்தது. 2020-இல் பெருந்தொற்றுக் காலம் அதைத் தளர்த்தியது. 2021 ஜூனில் எடைக்குறைப்புக்கென அனுமதி பெற்ற செமாக்ளூடைட் ஊசி அக்கட்டுப்பாட்டு மருந்துகளில் சேராதாகையால், தொலைவிலிருந்தே அதை எழுதித் தருவது எளிதாயிற்று.

ஆயினும், விட்சனின் திரைக்கு மறுமுனையில் நோயாளியை அருகிருந்து கவனிக்க மருத்துவமனை ஊழியர் இருந்தனர். கணையத்தையும் பித்தப்பையையும் பாதிக்கக்கூடிய செமாக்ளூடைட் போன்ற மருந்தை, நோயாளி இணையத்தில் நிரப்பும் வெறும் வினாப்பட்டியலை நம்பி அளிப்பது முறையான வைத்தியமாகாது.