புலமைப்பரிசிலும் காணி உறுதியும்: சபரகமுவத் தோட்டங்களின் கல்வி வரலாறு

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டு 1889 இல் உருவாக்கப்பட்ட சபரகமுவ மாகாணத்தின் தோட்டங்கள், மலையகம் என்றவுடன் ஹட்டனையும் நுவரெலியாவையும் மட்டுமே நினைக்கும் பொதுப்பார்வைக்குள் பெரும்பாலும் வருவதில்லை. தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் வளரும் இத்தோட்டங்கள் தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, எஹெலியகொட, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை எனச் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தைப் போலத் தொடர்ச்சியான தமிழ்ப் பரப்பொன்று இங்கு அமையாததால், ஒரு நகரத்தைச் சுற்றிய தமிழ்ப் பிள்ளைகளின் தொகை ஒரு விஞ்ஞானப் பிரிவை நடத்தப் போதுமானதாக அரிதாகவே இருந்தது. இன்று கணினி விஞ்ஞானம் கற்று, பின்னர் சொந்தமாக மென்பொருள் நிறுவனம் தொடங்க விரும்பும் தோட்டத்து மாணவரின் கதையை இந்த நிலவமைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

தோட்டப் பிள்ளைக்குக் கல்வி என்பது முதலில் தோட்ட முகாமையாளர்களான துரைமாரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. 1920 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு அக்கடமையை மேலும் உறுதிப்படுத்தியது. இந்தப் பத்து வயது எல்லை தற்செயலானதன்று. அந்த வயதைக் கடந்த பிள்ளை கொழுந்து பறிக்கவோ புல் வெட்டவோ போய், தோட்டத்தின் அன்றாட வேலைப் பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறும் என்பதே நிருவாகத்தின் எதிர்பார்ப்பு. ஆகவே ஓராசிரியர் பள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றது, அதற்கு மேலான வகுப்புக்கு அங்கே இடமே வைக்கப்படவில்லை.

அப்போதைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, கிராமத்துத் திறமையான பிள்ளையை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை மூலம் மத்திய கல்லூரிக்கு அனுப்பும் ஏற்பாடும் வலுப்பெற்றது. இலங்கையின் சமூக வரலாற்றில் இதைவிட ஆழமான மாற்றத்தைச் செய்த கல்வி ஏற்பாடு வேறொன்றில்லை என்று சொல்லலாம். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அரச முறைமைக்கு வெளியே நின்றதால் அந்தப் பயன் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தை எட்டவில்லை. 1947 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவற்றை அரசின் கீழ்க் கொண்டுவர வழிசெய்தபோதும் பெரும்பாலானவை அப்படியே விடப்பட்டன. 1960-61 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் கணக்கில் சேரவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளிப் பெற்றோரை நாடற்றவர்களாக்கிய பின்னர், அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக்காக நாடாளுமன்றத்தில் குரல் எழுப்புவதில் வாக்கு இலாபம் எதுவும் இருக்கவில்லை.

அந்த இடைவெளியில் தோன்றியதுதான் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம். 1947 இல் இந்திய அரசின் தரப்பில் நிறுவப்பட்டு, இன்று கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் பொறுப்பில் இயங்கும் இந்நிதியம், உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. இதன் முரண் கவனிக்கத்தக்கது: படியின் உச்சியில் நிற்பவருக்குப் பணம் காத்திருந்தது, ஆனால் அந்தப் படியில் ஏறுவதற்கான பள்ளி 1970களின் நில உச்சவரம்புச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்படும் வரை அரசின் பொறுப்பாகவே இருக்கவில்லை. 1977 இலிருந்து தோட்டப் பள்ளிகள் கட்டம் கட்டமாகக் கையேற்கப்பட்டன; 1980களில் சுவீடன் அரசின் உதவியோடு கட்டடங்களும் கிடைத்தன, ஆசிரியர்களும் கிடைத்தனர். அதே காலத்தில்தான் 1977 இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர்மீதான வன்முறை நிகழ்ந்தது. பல குடும்பங்கள் வவுனியா முதலிய வடக்குப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. ஏற்கனவே சிறிதாயிருந்த மாணவர் தொகை மேலும் சுருங்கியது.

பல்கலைக்கழக அனுமதியின் கதை வேறொரு திசையில் வளர்ந்தது. 1970களில் அறிமுகமான மாவட்ட ஒதுக்கீடு இன்று நிலைபெற்றுள்ள வடிவத்தில், பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. இரத்தினபுரி பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளது, கேகாலை இல்லை. ஆகவே மாவட்ட எல்லைக்கு இரு புறமும் அமைந்த எஹெலியகொட, தெஹியோவிட்டத் தோட்டங்களில், ஒரே விதமான லயத்தில் வளர்ந்து ஒரே பரீட்சையை எழுதும் இரு பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளி வேறாகிறது. அதைவிட முக்கியமாக, மாவட்டம் என்ற அலகு தோட்டத்தையும் நகரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை: தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை இரத்தினபுரி நகரின் முன்னணிப் பாடசாலை மாணவரோடுதான் போட்டியிட வேண்டும்.

அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முன்முயற்சியில் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியம், வர்த்தகக் கண்காட்சிகளின் வருமானத்தையும் பின்னர் அபிவிருத்தி லொத்தரின் இலாபத்தில் ஒரு பங்கையும் கொண்டு பல்கலைக்கழக மாணவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு வழங்கியது. சம்பள நாளில் கடைத்தெருவில் லொத்தர் சீட்டு வாங்கும் தொழிலாளியும் அறியாமலே இந்நிதிக்குப் பங்களித்தவர் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கணினிக் கல்வியின் வரலாற்றோடும் மகாபொலவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. 1999 இல் தொடங்கிய இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவகம் இந்நிதியத்தின் பணத்தில் உருவானதுதான்.

அதற்கு முன்னரே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 1985 இல் கணினித் துறை அமைந்திருந்தது. இலங்கைக் கணினிக் கல்வியின் முன்னோடியான வி. கே. சமரநாயக்க கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1987 இல் தொடங்கிய கணினித் தொழில்நுட்ப நிறுவகம் 2002 இல் கணினிக் கல்லூரியாக வளர்ந்தது. ஆனால் இவற்றின் பிரதான வாயில் உயர்தரக் கணிதப் பிரிவு, அதாவது இணைந்த கணிதமும் பௌதிகவியலும். அப்பிரிவைத் தமிழ்மொழியில் நடத்தும் பாடசாலை சபரகமுவவில் மிக அரிதாகையால், அதை நாடிய தோட்டப் பிள்ளைகள் ஹட்டன், கண்டி, கொழும்பு, யாழ்ப்பாணம் எனப் புறப்பட வேண்டியிருந்தது. விடுதிக் கட்டணம் கட்ட முடியாதோர் கலைப்பிரிவில் தங்கினர். பல்கலைக்கழக உதவித்தொகை எதுவும் அந்த விடுதிக் கட்டணத்தைப் பின்னோக்கிச் சென்று கட்டுவதில்லை.

ஆகவே இம்மாகாணத்தின் தோட்டப் பிள்ளைகளுக்குக் கணினித் துறையின் பக்கவாயில்களே கூடுதலாகப் பொருந்தின. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம், வகுப்புக்குச் சேராமலே பரீட்சை எழுத இடமளித்தது. எந்தப் பிரிவினரும் விண்ணப்பிக்கக்கூடிய தகவல் முறைமைகள் பாடநெறி கலை, வணிக மாணவரையும் ஏற்றது. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு சேர்க்கப்பட்டபோது இன்னொரு வழி திறந்தது. சமனலவாவி நீர்மின் திட்டத்துக்கெனக் கட்டப்பட்ட குடியிருப்புகளில் பெலிஹுல்ஓயாவில் தொடங்கி 1990களின் நடுவில் முழுமை பெற்ற சபரகமுவப் பல்கலைக்கழகம், கணினிக் கற்கையைத் தோட்டங்களுக்கு வெகு அருகே கொண்டுவந்தது. இந்திய அரசின் ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் தகவல் தொழில்நுட்பப் பொறியியலுக்கு வேறொரு பாதை அமைத்தது.

இப்பட்டதாரிகளின் தொழில்முனைவு விருப்பம் இவ்வரலாற்றில் புதியது. கற்ற தோட்டப் பிள்ளையின் முந்தைய இலக்கு ஆசிரியர் நியமனமோ தோட்ட அலுவலகத்தில் கணக்கப்பிள்ளை வேலையோதான். வியாபாரம் நகரத்துக் கடைக்காரருக்குரியதாகவே கருதப்பட்டது. கடையும் சரக்கும் வேண்டாத மென்பொருள் தொழில் அந்த எல்லையைத் தளர்த்தியது. யாழ்ப்பாணத்தில் 2010களில் யாழ் ஐடி ஹப் போன்ற அமைப்புகள் இளைஞரின் தொடங்குநிலை நிறுவனங்களை வளர்க்க முற்பட்டபோது, அங்கே புலம்பெயர்ந்தோரின் முதலீடும் அறிவும், பெற்றோரின் பெயரில் வீடும் வளவும் இருந்தன. தோட்டத்தில் இவற்றுள் எதுவும் இல்லை. 1992 இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது லயங்களும் குத்தகை நிலத்தோடு சேர்ந்தே போயின. கடிதங்கூடத் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்து சேரும் நிலையில், வங்கி பிணையாகக் கேட்கும் காணி உறுதியை எந்தக் குடும்பமும் காட்ட முடியாதிருந்தது. 2015 க்குப் பின்னர் வகுக்கப்பட்ட ஏழு பேர்ச்சஸ் காணிக் கொள்கை, அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலத்தைக் குடும்பத்துக்கு உரிமையாக்கும் திட்டம், இதை மாற்றத் தொடங்கியபோதும் மெதுவாகவே நகர்கிறது. எனவே கணினிப் பட்டம் பெற்ற தோட்டத்து இளைஞர் கொழும்பில் சம்பள வேலைக்குப் போய், தொழில் தொடங்குவதற்கான மூலதனத்தைத் தம் சேமிப்பிலிருந்தே தேட வேண்டியிருக்கிறது.