குலம் துலங்காத வேட்டை விலங்கு

மொராக்கோ தேசத்தின் தென்கிழக்கு மூலையில், அல்ஜீரிய எல்லையை ஒட்டினாற்போல், கெம் கெம் என்று வழங்கும் செந்நிறப் பாறைச் சரிவுகள் நீண்டு கிடக்கின்றன. இன்று ஒதுங்கி நிற்க ஒரு மர நிழல் காண்பதும் அரிதான அந்தப் பிரதேசத்தில், சுமார் 9½ கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பெருநதிகள் கிளை கிளையாகப் பிரிந்து ஓடின. நீரில் ராட்சத மீன்களும் முதலைகளும், கரைகளில் பலவகை மாமிச பக்ஷிணிகளும் வாழ்ந்தன. அங்கே 1995-ஆம் ஆண்டில் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த பால் செரினோவின் குழுவினர் கண்டெடுத்த எலும்புகளுக்கு உரிய பிராணிதான், மறு ஆண்டு டெல்ட்டாட்ரோமியஸ் அஜிலிஸ் என்று பெயர் சூட்டப்பெற்ற டைனோசார். அப்பெயரைச் சூட்டிய ஆய்வுரையிலேயே வெளியான கார்க்கரோடொன்டோசாரஸ் என்ற டைனோசாரின் பிரம்மாண்டமான மண்டையோடு அடைந்த பிரசித்தியில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குக் கிட்டவில்லை.

கிட்டாததற்குக் காரணம், இதற்குத் தலை அகப்படாததே. தோள், முன்கால், இடுப்பு, பின்கால், வால் ஆகியவற்றின் பகுதிகளே கிடைத்தன. ஆயினும் கிடைத்தவை மிக விசேஷமானவை. தொடை எலும்பு ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் நீளம். பிராணியின் முழு நீளமோ சுமார் 8 மீட்டர் என்று மதிப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய உடலைத் தாங்கிய எலும்பு தூண்போல் பருத்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு, அதன் மெலிந்த, நேர்த்தியான வடிவம் வியப்பையே அளிக்கும். தோள்பட்டையின் முன்பகுதி அகன்று விரிந்திருக்க, பாதத்தின் நான்காம் எலும்போ நுனியில் குறுகிச் சிறுத்திருக்கிறது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், இது வேகமாக ஓடி இரை தேடிய பிராணி என்ற முடிவு நியாயமானதே. ஆனால் அது எக்குலத்தைச் சேர்ந்தது?

இக்கேள்விக்கு விடை காண உதவியிருக்கக்கூடிய எலும்புகள் ஒரு காலத்தில் ஜெர்மனியில் இருந்தன. எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்ற பண்டிதர் 1911-இல் ஒட்டகங்களோடு எகிப்தின் பஹரியா பாலைவனச் சோலைக்குச் சென்று தொடங்கிவைத்த வேலையை, ரிச்சர்ட் மார்க்கிராஃப் என்ற சேகரிப்பாளர் தொடர்ந்து செய்தார். முதல் உலக யுத்தம் குறுக்கிட்டமையால் பல பெட்டிகள் 1922-இல்தான், அதுவும் உடைந்த நிலையில், மூனிக் நகரை அடைந்தன. அத்துண்டுகளைப் பொறுமையோடு ஒட்டிச் சேர்த்து ஆராய்ந்த ஸ்ட்ரோமர், 1934-இல் பஹரியாசாரஸ் என்ற மற்றொரு மாமிச பக்ஷிணியை விவரித்தார். 1944 ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளால் மூனிக் காட்சிசாலையும் அதிலிருந்த பஹரியா எலும்புகளும் அழிந்தன. ஸ்ட்ரோமர் ஆராய்ந்த எலும்புகள் சிலவற்றை டெல்ட்டாட்ரோமியஸுக்கு உரியவை என்று செரினோ கருதினார்; அதுவும் பஹரியாசாரஸும் ஒரே பிராணியோ என்று ஐயுற்றவர்களும் உண்டு. நேரில் ஒப்பிட்டுப் பார்க்க இன்று வழியில்லை. வருணனையும் சித்திரத் தகடுகளுமே சாட்சி. அம்மனிதர் ஒவ்வொரு எலும்பையும் அத்தனை சிரத்தையுடன் அளந்து எழுதிவைத்திராவிடில், இந்தச் சாட்சியும் நமக்கு இல்லாமற் போயிருக்கும்.

முதலில் செரினோ இதனைப் பறவைகளுக்கு நெருங்கிய சீலுரோசார் பிரிவில் வைத்தார். பின்னர் வந்தவர்கள், செரட்டோசார் கூட்டத்தில், மெலிந்த உடலுடைய நோவாசார்களோடு சேர்த்தார்கள். 2016-இல் அர்ஜென்டினாவில் குவாலிச்சோ என்ற பிராணி விவரிக்கப்பட்டதும், அதன் எலும்புகளோடு காணப்பட்ட ஒற்றுமையால், அலோசார்களின் சுற்றத்துக்கு இதனைக் கொண்டுசென்றார்கள். அடுத்த ஆண்டே, சீனாவின் லிமுசாரஸ் என்ற டைனோசார் பல்லோடு பிறந்து, வளர்ந்தபின் பல்லிழப்பதை ஆராய்ந்தவர்கள், மறுபடியும் நோவாசார்களின் பக்கம் இதனைத் திருப்பினார்கள். கால் எலும்பின் சாட்சியை அதிகம் நம்புவதால், நோவாசார் பக்ஷமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. எனினும், ஓட்டத்துக்கு ஏற்ற கால்கள் உறவில்லாத குலங்களிலும் ஒன்றுபோல் அமையக்கூடும் ஆகையால், தாடையும் பல்லும் காணாமல் இவ்வழக்கு தீராது.

கெம் கெம் சரிவுகளில் தோண்டி எடுக்கும் எலும்புகள் பெரும்பாலும் வியாபாரிகள் கைக்குப் போகின்றன. கிடைத்த இடத்தின் குறிப்பு அப்போதே தொலைந்துவிடுகிறது. நாளை ஒரு மண்டையோடு வெளிப்படுமாயின், அதை எடுப்பவரும் வாங்குபவரும் இடத்தையும் உடன் கிடைத்த எலும்புகளையும் குறித்துவைத்து, மொராக்கோவின் காட்சிசாலை ஒன்றிலேயே சேர்ப்பிக்க வேண்டும்.