காத்திருப்பின் கணக்கு: கல்கத்தாச் சாலைகளில் லாரி ஓட்டுநரின் நேரம்

ஹௌராவையும் கல்கத்தாவையும் இணைத்த பழைய மிதவைப் பாலம் 1874இல் திறக்கப்பட்டது. 1906ஆம் ஆண்டு துறைமுக ஆணையர்கள் பதினாறு நாள்கள் அந்தப் பாலத்தில் நின்று வண்டிகளை எண்ணினர். போக்குவரத்து மிகுதியாக இருந்த ஆகஸ்ட் 27ஆம் நாளில் பாலத்தைக் கடந்த வண்டிகளில் பதின்மூன்றில் எட்டுப் பங்கு மாட்டு வண்டிகள். கப்பல்கள் கடக்கும்போது பாலத்தின் நடுப்பகுதியைத் திறந்துவிட வேண்டும். அதுவரை இரு கரைகளிலும் வண்டிகள் காத்து நிற்கும். அந்த ஆண்டில்தான் கப்பல்களுக்குப் பெரும்பாலும் இரவில் பாலத்தைத் திறப்பது என்று முடிவாயிற்று. பகல் வண்டிகளுக்கு, இரவு கப்பல்களுக்கு. சரக்கு வண்டிக்காரனின் காத்திருப்பை ஒரு பொருட்டாகக் கருதி இந்நகரம் எடுத்த முடிவுகள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. ஆயினும் வணிகரின் சரக்கை முன்னிட்டே அது எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கால் நூற்றாண்டுக்குள் நிலை மாறியது. கோடைக்கால நண்பகலில் பாரவண்டி விலங்குகளை ஓட்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, 1930 ஏப்ரல் 1 அன்று கல்கத்தாவின் வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தம் வண்டிகளையே தெருவின் குறுக்கே நிறுத்தி அரண் அமைத்தனர். போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் பலியாயின. விலங்கின் மீதான இரக்கத்தை எவரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடைக்குக் கூலி பெறுபவனுக்கு நண்பகல் மூன்று மணி நேரம் நிற்பது என்றால் ஒரு நடை குறைந்தது என்று பொருள். விலங்குக்கு அளித்த ஓய்வின் விலையை யார் தருவது என்ற கேள்வியை அந்த விதி எழுப்பவே இல்லை. வண்டியில் மாடு போய் டீசல் எஞ்சின் வந்த பிறகும் இந்தக் கேள்வி அப்படியே தொடர்ந்தது. லாரி ஓட்டுநரின் அன்றையும் இன்றையும் ஒப்பிடும்போது வேகம், சாலை, எஞ்சின் ஆகியவற்றைக் காட்டிலும் இதையே அளவுகோலாகக் கொள்வது பயனுடையது.

லாரி கல்கத்தாவுக்கு வந்த காலத்தில் அரசின் கவலை வேறாக இருந்தது. ரயில்வேயின் வருவாயை மோட்டார் வண்டிகள் அரித்துவிடும் என்ற அச்சத்தில் மிட்செல்–கிர்க்னஸ் ஆய்வு 1932–33இல் நடந்தது; அதன் தொடர்ச்சியாக 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட் முறையைக் கொண்டுவந்தது. லாரி எந்த வட்டாரத்தில், எந்தத் தடத்தில் ஓடலாம் என்பதை அதிகாரிகள் தீர்மானித்தனர். இரண்டாம் உலகப் போரின்போது பர்மா முனைக்குப் பின்தளமாக இருந்த கல்கத்தாவில் ராணுவ லாரிகள் வந்து குவிந்தன. போர் முடிந்ததும் அவற்றில் பல ஏலத்தில் தனியார் கைக்குப் போயின. அப்படியும், 1950–51இல் நாட்டின் சரக்கில் ஏறத்தாழ 89 விழுக்காட்டை ரயிலே சுமந்தது. லாரி அப்போது ரயில் விட்டுவைத்ததைப் பொறுக்கி எடுத்துப் பிழைத்த தொழில்.

1954இல் ஜம்ஷெட்பூரில் டாடா–மெர்சிடீஸ் பென்ஸ் லாரிகளின் உற்பத்தி தொடங்கியது. தொழிற்சாலையிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். ஓட்டுநர் அமரும் கூண்டையும் பின்னுள்ள பெட்டியையும் பட்டறைகளில் மரத்தால் கட்டுவார்கள். பவர் ஸ்டீயரிங் இல்லை. பாரம் ஏற்றிய வண்டியைக் குறுகிய தெருவில் திருப்பத் தோளும் இடுப்பும் சேர்ந்து உழைக்க வேண்டும். எஞ்சின் சூடு நேராகக் கூண்டுக்குள் ஏறும். ஹௌராவிலிருந்து பாலி, உத்தர்பாரா, ஸ்ரீராம்பூர் வழியாகச் செல்லும் கிராண்ட் டிரங்க் சாலை, சணல் ஆலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே நெளிந்து செல்வது. அதில் ரிக்‌ஷா, மாட்டு வண்டி, ஆலைத் தொழிலாளர் கூட்டம் ஆகியவற்றினூடே ஓட்டியவர்களின் திறமையை இன்றைய நான்குவழிச் சாலையின் கண்கொண்டு அளக்க இயலாது.

ஓட்டியவர்கள் யார்? முதல் உலகப் போருக்குப் பின் பவானிப்பூர் வட்டாரத்தில் குடியேறிய பஞ்சாபிச் சீக்கியர்கள் டாக்ஸி, பஸ், லாரி என மூன்றிலும் வேரூன்றினர். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் முதலில் கலாசியாக, அதாவது நம் ஊர்க் கிளீனராக, ஏறிப் பின்னர் ஸ்டீயரிங்கைப் பிடித்தனர். வங்காளி நடுத்தர வர்க்கம் இத்தொழிலை வெளியிலிருந்தே பார்த்தது. தாராசங்கர் பந்தோபாத்யாயின் நாவலை ஒட்டி சத்யஜித் ராய் 1962இல் எடுத்த 'அபிஜான்' படத்தின் டாக்ஸி ஓட்டுநர்கூட ராஜபுத்திரன்தான். தெற்கிலிருந்து சங்ககிரி, நாமக்கல் லாரிகளும் பின்னாளில் இந்நகரின் எல்லையை எட்டின. சரக்கைப் பதிவு செய்யும் வணிகமோ படாபஜாரின் புக்கிங் அலுவலகங்களில் இருந்தது. இன்று பெருநிறுவனமாக வளர்ந்துள்ள டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 1958இல் ஒரு லாரியுடன் தொடங்கியது இந்த நகரில்தான். சரக்கு ஒருவர் கையில், பதிவு இன்னொருவர் கையில், வண்டி மூன்றாமவர் கையில் என்ற அமைப்பில் தாமதத்தின் இழப்பு கீழ்நோக்கியே இறங்கும். கடைசியில் அது வந்து சேருமிடம் ஓட்டுநர்.

அக்காலத்தில் தாமதம் சாலை நெடுகிலும் இருந்தது. வங்கத்தின் வடபகுதிக்கும் அசாமுக்கும் போகும் லாரி கங்கைக் கரையில் படகுத்துறையில் நிற்கும். 1975இல் செயல்படத் தொடங்கிய ஃபரக்கா தடுப்பணையின் மேல் சாலை அமைந்த பிறகே அந்த நிற்றல் நீங்கியது. மாநில எல்லைதோறும் பர்மிட் சரிபார்ப்பு. தேசிய பர்மிட் 1975இல் அறிமுகமாகி இச்சிக்கலை ஓரளவு குறைத்தது. கல்கத்தாப் பெருநகரப் பகுதிக்குள் வரும் சரக்குக்கு 1970இல் நுழைவு வரி விதிக்கப்பட்டது. நகர மேம்பாட்டுக்குப் பணம் வேண்டியிருந்தது. அதைத் திரட்டும் இடம் நகர எல்லைச் சோதனைச் சாவடி. பட்டியலோடு சரக்கை ஒப்பிட்டு, மதிப்பிட்டு, ரசீது தரும்வரை வண்டி நகராது. வரியைக் கட்டியவர் வணிகர். நேரத்தைக் கட்டியவர் ஓட்டுநர். அந்த நேரம் எந்தப் பேரேட்டிலும் பதிவாகவில்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரம்பிட்டது; நெடுந்தடங்களுக்கு 10, 54 எனத் தளர்த்தியது. ஆனால் 'வேலை நேரம்' என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையைக் கூர்ந்து படிக்க வேண்டும். வண்டி ஓடும் நேரம் வேலை நேரம். அதைச் சார்ந்த துணை வேலைகளின் நேரமும் வேலை நேரம். முனையங்களில் வெறுமனே உடனிருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் வேலை நேரம். அதற்கு மேற்பட்ட உடனிருப்பை வரையறை சேர்க்கவில்லை. பஸ் நிலையத்தில் அடுத்த நடைக்காகக் காத்திருக்கும் ஓட்டுநரை மனத்தில் கொண்டு எழுதிய வரி போலத் தோன்றுகிறது. சுமை இறக்கும் இடத்தில் ஒன்றரை நாள் நிற்கும் லாரி ஓட்டுநருக்கு அது பொருந்தும்போது, அவர் அந்த ஒன்றரை நாளும் வேலையில் இல்லை என்றாகிறது. வண்டியை விட்டு அகலவோ வீட்டுக்குப் போகவோ அவரால் முடியாது. தார்ப்பாயை அவிழ்த்துச் சரக்கைத் திருடிச் செல்பவர்களிடமிருந்து காப்பதும் அவர் பொறுப்பு.

இன்னொரு ஓட்டையும் அச்சட்டத்தில் இருந்தது. ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாமல் அமர்த்தும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும். லாரித் தொழிலிலோ ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்போரே மிகுதி. 1959இல் அறிக்கை அளித்த மசானி குழுவின் கவலைகளில் ஒன்று இந்தச் சிதறல். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் எல்லாச் சரக்கு ஓட்டுநருக்கும் 1961ஆம் ஆண்டு நேர வரம்புகளையே சுட்டியது; தாளில் விரிவடைந்த அந்த வரம்பைச் சாலையில் சரிபார்க்க ஆளில்லை.

பழைய காலத்தைப் பொற்காலமாக்க இதில் இடமில்லை. ஆனால் அன்றைய காத்திருப்புக்கு ஒரு கூட்டு இயல்பு இருந்தது என்பதை மறுக்க இயலாது. தேசிய பர்மிட் வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், மாற்று ஓட்டுநர் கால் நீட்டிப் படுக்க இருக்கைக்குப் பின் இடம் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறின. கிளீனரோடு மூவர். ஒருவர் சமைப்பார், ஒருவர் டயரைப் பார்ப்பார், ஒருவர் உறங்குவார். கிளீனர் ஓட்டப் பழகியதும் பெரும்பாலும் இந்த நிற்கும் நேரத்தில்தான். அதைவிட வேறு ஓட்டுநர் பள்ளி அவர்களுக்கு வாய்க்கவில்லை.

2001ஆம் ஆண்டு நகரம் கொல்கத்தா எனப் பெயர் மாறியபோது சாலையும் மாறிக்கொண்டிருந்தது. தங்க நாற்கரத் திட்டத்தில் டெல்லி–கொல்கத்தா 1,453 கிலோமீட்டரும் கொல்கத்தா–சென்னை 1,684 கிலோமீட்டரும் நான்குவழியாயின. துர்காபூர் விரைவுச்சாலை கிராண்ட் டிரங்க் சாலையின் நெரிசலைத் தவிர்த்தது. 1992இல் திறந்த வித்யாசாகர் சேது, 2007இல் திறந்த நிவேதிதா சேது ஆகியவை ஹூக்ளியைக் கடக்கும் வழிகளைப் பெருக்கின. 2017 ஜூலை 1 அன்று சரக்கு–சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் சுங்கச்சாவடி வரிசையும் குறுகியது. பீமவரம் பக்கத்திலிருந்து பனிக்கட்டியில் வைத்த மீனை ஹௌரா மொத்தச் சந்தைக்குக் கொண்டுவரும் ஓட்டுநருக்கு இவை மெய்யான ஆதாயங்கள். மீன் கெடாது.

ஆனால் சாலையிலிருந்து விரட்டிய காத்திருப்பு சாலையின் முனைகளில் போய்க் குடியேறியது. கனரகச் சரக்கு வண்டிகளுக்குப் பகலில் நகருக்குள் இடமில்லை. தெற்கிலிருந்து வரும் வண்டிகள் ஹௌரா மாவட்டத்தின் தூலாகட் முனையத்திலும் சாலையோரத்திலும், வடமேற்கிலிருந்து வருபவை டான்குனி பக்கத்திலும் இரவுக்காக நிற்கின்றன. 1,600 கிலோமீட்டரைக் கடந்து வந்த வண்டி கடைசி இருபது கிலோமீட்டருக்கு ஒரு பகல் முழுவதும் காத்திருக்கிறது. பகலில் படாபஜாருக்குள் நுழைவது 2005இல் வந்த டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகளும் கைவண்டிகளும். 2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தபோது துறைமுக லாரிகள் சுற்றுவழியில் திருப்பிவிடப்பட்டன. புதிய பாலம் திறக்க 2020 டிசம்பர் ஆயிற்று. 2023 ஆகஸ்டில் பெஹாலாவில் பள்ளிச் சிறுவன் ஒருவன் லாரி மோதி இறந்தபின் காலைநேரக் கட்டுப்பாடு மேலும் இறுகியது. அதன் நியாயத்தை ஐயுறுவதற்கில்லை. 1930இன் விதியிலும் நியாயம் இருந்தது. இரண்டிலும் விடுபட்டது ஒன்றே: நிறுத்திவைத்த நேரத்துக்கான கூலி. வங்காளதேச எல்லையில் பெட்ராபோலுக்குப் போகும் லாரிகள் பன்காவ் நிறுத்துமிடங்களில் நாள்கணக்கில் நின்றது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி; 2016இல் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி வந்த பிறகும் அது முற்றிலும் தீரவில்லை.

அந்தக் காத்திருப்பில் இப்போது ஓட்டுநர் தனியாக இருக்கிறார். இரண்டு ஓட்டுநர் விதி 2018இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அச்சுச் சுமை வரம்பும் உயர்ந்தது. மிகப் பெரிய வண்டிகளின் மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன்னாயிற்று. ஒரே ஆண்டில் சுமை கூடி ஆள் குறைந்ததைத் தற்செயல் என்று கொள்வது கடினம். கிளீனரும் பல வண்டிகளில் இல்லை. தொழிலைப் பழக்கிக் கொடுத்த ஏணி அத்தோடு போயிற்று. ஓட்டுநர் பற்றாக்குறை பற்றி இன்று முறையிடுவோர் இதைப் பேசுவது அரிது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கூண்டில் குளிர்சாதனம் கட்டாயம். பழைய மரக்கூண்டின் வெக்கையை எண்ணினால் இது பெரிய மாற்றம். ஆயினும் குளிர்சாதனம் ஓட எஞ்சின் ஓட வேண்டும். நிற்கும் வண்டியில் எஞ்சின் ஓடினால் டீசல் கணக்கு ஓட்டுநர் தலையில் விழும். ஜூன் மாதப் புழுக்கத்தில் தூலாகட்டில் நிற்கும் வண்டிகளின் கதவுகள் திறந்தே கிடக்கும். வண்டியின் இருப்பிடத்தை உரிமையாளரின் கைப்பேசி நொடிதோறும் காட்டுகிறது. சாலையோர தாபாவில் அரை மணி கூடுதலாக நின்றால் அழைப்பு வரும். சரக்கு இறக்கும் வாசலில் பத்து மணி நேரம் நின்றால் வருவதில்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020இல் இயற்றிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு தன்னுள் எடுத்துக்கொண்டது. மோட்டார் போக்குவரத்து நிறுவனங்களுக்கு அது பொருந்துவதற்கான எல்லை ஐந்து தொழிலாளர்களிலிருந்து பத்தாக உயர்ந்தது. முனையத்தில் வெறுமனே உடனிருக்கும் நேரம் பற்றிய 15 நிமிட வரி மட்டும் மாற்றமின்றி அதிலும் இடம்பெற்றுள்ளது.