பிள்ளைக்கும் ஒரு கடவுச்சீட்டு: மாத்தளைத் தோட்டப்புறத்தில் சிறுவர் பயண ஆவணத்தின் வரலாறு

முன்னுரை

மாத்தளை நகருக்கு வடக்கே ஏ9 வீதியில் அமைந்த சிற்றூர் பலாபத்வல. இச்சுற்றுவட்டத் தோட்டக் குடும்பமொன்று திருச்சிக்கோ மதுரைக்கோ போவதானால் இன்று பிள்ளைக்கும் தனிக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் தாய் தந்தை இருவரின் சம்மதமும் அதற்கு அடிப்படை. இரண்டு தலைமுறைக்கு முன் அதே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்குக் கடவுச்சீட்டு கொடுக்க எந்த நாடும் கடமைப்பட்டிருக்கவில்லை. இம்மாற்றத்தைத் தீர்மானித்தவை கடவுச்சீட்டு விதிகள் அல்ல, பிரஜாவுரிமைச் சட்டங்களே என்பதும், அவற்றில் பிள்ளை நெடுங்காலம் தந்தையின் ஒட்டாகவே கணிக்கப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சீட்டில்லாப் பயணம்

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். பலாபத்வல அந்த வடபாதையின் கடைசிக் கட்டத்தில் வருகிறது. அக்கரையும் இக்கரையும் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்ததால் கடவுச்சீட்டுக்குத் தேவை எழவில்லை. ஆட்களைத் திரட்டி வந்த கங்காணியின் ஆட்கணக்கே ஆவணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை வந்தது. வில்லையில் துளையிடப்பட்ட எழுத்தும் இலக்கமும் ஆள் எந்த மாவட்டத்துக்கு, எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்பதைக் காட்டின. ஆளை உரிய தோட்டத்தில் ஒப்படைப்பதே அதன் நோக்கம். உரிமை எதையும் அது தரவில்லை.

தந்தை வழி, பாட்டன் வழி

1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்ததை மட்டும் தகுதியாக ஏற்கவில்லை. அத்தேதிக்கு முன் இலங்கையில் பிறந்தவருக்குத் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதன் பின் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை பிரஜையாக இருத்தல் வேண்டும். தாயின் பிறப்பிடம் கணக்கில் வரவில்லை.

இந்த விதியின் தடம் பிறப்புச் சான்றிதழிலேயே பதிந்தது. இலங்கையின் பழைய படிவத்தில் பெற்றோர் விபரங்களின் கீழ், பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, இடம் என ஒரு கூடு உண்டு. தந்தை இலங்கையில் பிறவாது பூட்டன் இங்கே பிறந்திருந்தால் அவர் விபரத்துக்கு அடுத்த கூடு. பாட்டனும் பூட்டனும் திருச்சி, சேலம் பக்கத்தில் பிறந்த குடும்பங்களுக்கு அக்கூடுகளில் எழுத எதுவும் இருக்கவில்லை. தோட்டத்துப் பிறப்பைப் பதிவுக்கு அறிவிக்கும் பொறுப்பும் தோட்டத் துரையிடம் இருந்தது. அறிவித்தல் தவறினாலும், பெயர் பிழையாக எழுதப்பட்டாலும் சுமை பிள்ளையின் தலையில்தான் விழுந்தது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவின் மூலம் பிரஜாவுரிமை பெற வழி திறந்தது. ஆனால் அங்கும் பிள்ளையின் பயணம் குறுக்கே நின்றது. விண்ணப்பதாரரில் தங்கிவாழும் ஒவ்வொரு பிள்ளையும் தன் முதலாவது பிறந்த நாளுக்குப் பிந்தாத காலத்திலிருந்து இடைவிடாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிரிவு தொடர்ச்சியை முறித்துவிடும். பிள்ளையை இந்தியாவிலுள்ள ஊரில் பாட்டியிடம் விட்டு வளர்த்த குடும்பத்துக்கு இதன் பொருள் கடுமையானது: ஒரு பிள்ளை ஊரில் தங்கிய காலம், தந்தையின் விண்ணப்பத்தையே நிராகரிக்கப் போதுமான காரணமாயிற்று.

இயற்கைப் பெருக்கம்

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. இந்தியா 525,000 பேரையும், இலங்கை 300,000 பேரையும், அவரவரது இயற்கைப் பெருக்கத்தோடு ஏற்பதாயிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பின்னர் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அந்த ‘இயற்கைப் பெருக்கம்’ என்ற ஒற்றைத் தொடருக்குள் அடங்கினர். பெற்றோர் எந்தப் பங்கில் விழுந்தார்களோ அதுவே பிள்ளையின் நாடு.

இந்தியக் கடவுச்சீட்டு பெற்றவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரம் சேர்ந்தனர். 1984இல் கப்பல் சேவை நின்றதும் பலர் இந்தியக் கடவுச்சீட்டோடு லயங்களிலேயே தங்கிவிட்டனர். அது காலாவதியானதும் பெற்றோரிடம் பயன்படாத ஆவணம் எஞ்சியது. இங்கே பிறந்த பிள்ளைகளிடம் அதுவுமில்லை.

2003: இரண்டு சட்டங்கள்

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோரில் பலருக்கு வழிசெய்தது. முழுமையான திருப்பம் 2003இல் நேர்ந்தது. 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை அளித்தது. அதே ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம், தாய் தந்தை இருவரில் எவர் பிரஜையாக இருந்தாலும் பிள்ளையும் பிரஜையே என்றாக்கியது. 35ஆம் இலக்கச் சட்டத்தின் மீது ஆய்வாளர் பார்வை குவிந்த அளவுக்கு 16ஆம் இலக்கத் திருத்தத்தின் மீது குவியவில்லை. தந்தை வழி என்ற 1948ஆம் ஆண்டின் அச்சாணியைக் கழற்றியது அதுதான்.

இதன் பிறகே கடவுச்சீட்டின் தொழில்நுட்பம் தன் பங்கைச் செய்தது. பெற்றோர் கடவுச்சீட்டில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் பழைய வழக்கம், ஒருவரது விபரத்தை மட்டுமே தாங்கும் இயந்திர வாசிப்புச் சீட்டுக்குப் பொருந்தவில்லை. ஒருவருக்கு ஒரு கடவுச்சீட்டு என்பது உலக நியமமாயிற்று. 2015 ஆகஸ்ட் முதல் இலங்கையில் 16 முதல் 60 வயது வரையானோரிடம் விரலடையாளம் பெறப்படுகிறது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது வேண்டியதில்லை. அதனிடத்தில் நிற்பது பெற்றோரின் சம்மதம். 2023 ஜூன் முதல் இணையவழியில் விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் விரலடையாளம் கொடுக்கும் முறையும் தொடங்கியது.

முடிவுரை

தாயின் சம்மதம் தந்தையின் சம்மதத்துக்கு நிகராக ஏற்கப்படுவதே இவ்வரலாற்றின் பெரும் மாற்றம். ஆயினும் கடவுச்சீட்டு பிறப்புச் சான்றிதழில் தங்கியிருக்கும்வரை, பிறப்புப் பதிவின் பழைய குறைகளும் உடன் தொடரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்றிருக்கும் தாய், பயணத் தேதி குறிக்குமுன் பெயர்த் திருத்தத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. எனவே மலையகப் பிரஜாவுரிமை வரலாற்றை ஒப்பந்தங்களின் தொகைக் கணக்கோடு நிறுத்திவிடலாகாது. தோட்டப் பிறப்புப் பதிவேடுகளும் ஆய்வுக்கு வர வேண்டும். கொழும்பிலும் தில்லியிலும் எடுத்த முடிவுகள் தனியொரு பிள்ளையின் பெயரில் எப்படி இறங்கின என்பதை அவையே காட்டும்.