பதின்பருவ மாணவர்களுக்கான இணையவழி ஆங்கிலப் பயிற்சி: கரியாஹாட், கொல்கத்தா

பள்ளி நேரத்துக்கு வெளியே, 13 முதல் 19 வயது வரையுள்ள மாணவர்கள் கைபேசியிலோ கணினியிலோ ஆங்கில இலக்கணத்தையும் சொற்களையும் பழகுவதும், அதற்கு ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் மென்பொருள்களும் துணைநிற்பதும் இக்கட்டுரையின் பொருள். தென் கொல்கத்தாவின் கரியாஹாட் வட்டாரத்தை மையமாகக் கொண்டு இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலவழிப் பள்ளி, வங்காளவழிப் பள்ளி, டியூஷன் வீடு, மொழிக் கல்வி நிறுவனம், பழைய புத்தகக் கடை எல்லாம் அங்கே நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. வங்காளத்தில் ஆங்கிலக் கல்வி கடந்துவந்த மேடுபள்ளங்கள் அனைத்தின் தடமும் அந்தச் சில தெருக்களில் தெரியும்.

வட்டாரம்

கரியாஹாட் சாலையும் ராஷ்பிஹாரி அவென்யூவும் சந்திக்கும் நாற்சந்தியே கரியாஹாட். புடவைக் கடைகளுக்கும் நடைபாதை வியாபாரத்துக்கும் பெயர்பெற்றது. அருகில் ஃபெர்ன் சாலையில் உள்ள ஜகத்பந்து இன்ஸ்டிடியூஷன் 1914-இல் தொடங்கிய வங்காளவழிப் பள்ளி. சதிகாந்த குஹ 1954-இல் தொடங்கிய சவுத் பாயிண்ட் பள்ளியோ, மாணவர் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது என்று 1980-களில் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. தெற்கே கோல்பார்க்கில் ராமகிருஷ்ண மிஷனின் பண்பாட்டு நிறுவனம் பல இந்திய, அயல்நாட்டு மொழிகளைக் கற்பிக்கிறது. அங்கிருந்து சில அடிகளில் வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள். வங்காள மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த பி.கே. தே சர்க்காரின் இலக்கண நூலும், தமிழ்நாட்டு வீடுகளுக்கும் நன்கு பழக்கமான ரென் அண்ட் மார்ட்டினும் இத்தகைய கடைகளில் கைமாறும் நூல்கள். ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே போனால் லேக் மார்க்கெட். தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி அது. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என நான்கு மொழிகளோடு வளரும் பிள்ளைகள் இங்கே உண்டு.

முன்வரலாறு

ஆங்கிலச் சொற்களை எந்த வரிசையில், எத்தனை எத்தனையாகக் கற்பிப்பது என்ற கேள்வியை அறிவியல் முறையில் ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவரான மைக்கேல் வெஸ்ட், அந்த ஆய்வை வங்காளத்தில்தான் நடத்தினார். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், வங்காளத்தை முன்வைத்து இருமொழியம் பற்றி எழுதிய நூல் 1926-இல் வெளிவந்தது. பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை முடிக்காமலேயே பள்ளியை விட்டுப் போவதை அவர் கண்டார். எந்த வகுப்போடு நின்றாலும் அதுவரை கற்றது கையில் மிஞ்ச வேண்டும் என்பது அவர் வாதம். அதற்காக அரிய சொற்களை நீக்கி, அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டு, புதிய சொற்கள் ஒரே பக்கத்தில் வந்து குவியாதபடி வாசிப்பு நூல்களை எழுதினார். 1953-இல் வெளியான அவருடைய பொதுச்சொற் பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. அடிக்கடி வரும் சொல்லை முதலில் கற்பிப்பது என்னும் இன்றைய செயலிகளின் வழக்கம் இந்த மரபில் வந்தது. ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் வங்காள மாணவர்களுக்கு அவர் பெயரே தெரியாமல் போனது வருத்தத்துக்குரியது.

1980-களின் தொடக்கத்தில் இடதுமுன்னணி அரசு, அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிட்டது. தாய்மொழியில் அடிப்படைக் கல்வி என்ற நோக்கம் சரியானதே. நடைமுறையில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளுக்குப் போக, மற்றவர்கள் 6-ஆம் வகுப்பில்தான் ஆங்கில எழுத்துகளைத் தொட்டார்கள். 1998-இல் பவித்ர சர்க்கார் குழு மறுபரிசீலனையைப் பரிந்துரைத்தது. 1999-இல் 3-ஆம் வகுப்பிலும், 2004-இல் 1-ஆம் வகுப்பிலும் ஆங்கிலம் திரும்பி வந்தது. இடையில் படித்தவர்களே இன்றைய பதின்பருவத்தினர் பலரின் பெற்றோர். பிள்ளையின் ஆங்கிலத்தைப் பற்றி அவர்கள் கொள்ளும் பதற்றத்தின் வேர் இங்கே இருக்கிறது.

அந்தப் பதற்றம் டியூஷனாக வடிவெடுத்தது. 2022-ஆம் ஆண்டின் அசர் என்னும் கல்விநிலை ஆய்வறிக்கைப்படி, மேற்கு வங்கக் கிராமங்களில் 8-ஆம் வகுப்பு வரை படிப்போரில் சுமார் 74 விழுக்காட்டினர் கட்டணம் செலுத்தித் தனிப்பயிற்சி பெற்றனர். நாட்டின் சராசரி ஏறத்தாழ 30 விழுக்காடுதான். டியூஷனின் இலக்கு பெரும்பாலும் 10-ஆம் வகுப்பு மத்யமிக் தேர்வு. அதில் இரண்டாம் மொழி ஆங்கிலத்துக்கு எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண். இலக்கணமும் சொற்களஞ்சியமும் 20 மதிப்பெண் பெறுகின்றன. வாய்ஸ் சேஞ்ச் (செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றம்), நரேஷன் சேஞ்ச் (நேர்கூற்று, அயற்கூற்று மாற்றம்), ஜாயினிங் (வாக்கியங்களை இணைத்தல்) என்பவை வங்காள மாணவர்களின் அன்றாடச் சொற்களாகவே ஆகிவிட்டன.

எங்கே இடறுகிறது

உலகம் முழுவதற்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட இணையப் பயிற்சிகள் இந்த மாணவர்களுக்கு முழுதாக உதவுவதில்லை. அவர்கள் செய்யும் பிழைகள் தாய்மொழியிலிருந்து வருபவை என்பதே முதன்மையான காரணம்.

வங்க மொழியில் படர்க்கைப் பெயருக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. அக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கிய சிறுவன் இரண்டாம் வாக்கியத்திலேயே ‘ஹீ’ என்று சொல்வது இதனால். அவன், அவள் என்று பழகிய தமிழ்ச் சிறுமிக்கு அங்கே சிக்கல் இல்லை. ‘தி’ என்னும் சுட்டில் நிலைமை மாறுகிறது. வங்காளி பெயரின் பின்னால் ‘டா’, ‘டி’ என ஒட்டுச் சேர்த்துக் குறிப்பிட்ட பொருளைச் சுட்டுகிறார். கருத்து அவரிடம் உண்டு, இடம்தான் வேறு. தமிழில் அப்படி ஒட்டு இல்லாததால், எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதைத் தமிழ் மாணவர் வாசித்துத்தான் உணர வேண்டியிருக்கிறது.

இரண்டு மொழியினரும் சேர்ந்து இடறும் இடங்களும் பல. ‘அவர் ஆசிரியர்’ என்று வினையே இல்லாமல் முடியும் வாக்கியம் இரண்டிலும் இயல்பானது. அதனால் இவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் ‘இஸ்’ விடுபடுகிறது. நரேஷன் சேஞ்ச் கடினமாவதற்கும் இதுபோன்ற விளக்கம் உண்டு. ‘நாளை வருகிறேன் என்றான்’ என்னும்போது, சொன்னவன் பயன்படுத்திய காலத்தையும் தன்மை இடத்தையும் தமிழ் அப்படியே வைத்துக்கொள்கிறது. வங்க மொழியும், சொன்னது நேற்று என்பதற்காக உள்வாக்கியத்தின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளுவதில்லை. ஆங்கிலம் தள்ளுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைத் தாய்மொழியில் பத்து நிமிடம் விளக்கினால், மனப்பாடம் செய்த மாற்று விதிகளின் நீண்ட அட்டவணை பாதியாகச் சுருங்கிவிடும். வகுப்பில் வந்த பிழைகளைத் திரட்டி, பெயர்களை நீக்கி, பத்துக் கேள்விகளாக்கி அனுப்பும் ஆசிரியர் எந்தப் பெரிய செயலியும் தர முடியாததைத் தருகிறார். இணையவழி உதவியில் மிக மதிப்புள்ள பகுதி இதுவே.

கருவிகள்

சொல் அட்டைகளுக்கான குவிஸ்லெட்டை 2005-இல் உருவாக்கிய ஆண்ட்ரூ சதர்லாந்து அப்போது 15 வயதுப் பள்ளி மாணவர். தன் பிரெஞ்சுச் சொற்களைப் படிக்கவே அதை எழுதினார். 2007-இல் வந்த ஃப்ரீரைஸ், சரியான விடை ஒவ்வொன்றுக்கும் பத்து அரிசி மணி நன்கொடையாகும் என்ற ஏற்பாட்டோடு ஆங்கிலச் சொற்பொருள் கேட்டது, பின்னர் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் போனது. வகுப்பே சேர்ந்து விளையாடும் குவிஸ்ஸிஸ் பெங்களூரில் பிறந்தது. டுவோலிங்கோவில் வங்க மொழி வழியாக ஆங்கிலம் கற்கலாம். ஜெய்ப்பூர் நிறுவனம் ஒன்று உருவாக்கிய ஹலோ இங்கிலீஷ் செயலி வங்காளம், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் வழியே கற்பித்தது. பிரிட்டிஷ் கவுன்சில் பதின்பருவத்தினருக்கென்றே தனித் தளம் நடத்துகிறது.

இவற்றின் பலன் நினைவு பற்றிய இரண்டு உண்மைகளில் தங்கியிருக்கிறது. கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885-இலேயே அளந்து காட்டினார். மறக்கப்போகும் தறுவாயில் சொல்லைத் திரும்பக் கொண்டுவந்தால் அது நிலைக்கும். மற்றொன்று, திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வலிமையானது. ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து சுமார் 40 விழுக்காட்டையும், ஒருமுறை படித்துப் பின் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் சுமார் 61 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் பயிற்சி இதில் பாதி வேலையைத்தான் செய்கிறது. சொல்லைத் தானே தட்டச்சிட்டு, தன் வாக்கியத்தில் அமைத்துக் காட்டும்போதுதான் அது மாணவருடையதாகிறது.

கோச்சரணும் காளிக்குப்பமும்

கரியாஹாட்டுக்கு அருகிலுள்ள பாலிகஞ்ச் சந்திப்பில் லட்சுமிகாந்தபூர் லோக்கல் ரயில் ஏறினால் வழியில் கோச்சரண் வரும். கொல்கத்தாவில் பிறந்த கல்வி ஆய்வாளர் சுகத மித்ரா, 2013-இல் பெற்ற பத்து லட்சம் டாலர் டெட் பரிசைக் கொண்டு அமைத்த ஏழு ஆய்வுக்கூடங்களில் ஒன்று அங்கே இருந்தது. மேற்கு வங்கத்தில் மட்டும் கோச்சரண், சுந்தரவனத்தின் கோராகாட்டி, சந்திரகோணா என மூன்று. மாணவர்கள் குழுவாக அமர்ந்து ஒரு கேள்விக்கு இணையத்தில் விடை தேடுவார்கள். ‘பாட்டி மேகம்’ என்று பெயர்பெற்ற தன்னார்வலர்கள் அயல்நாடுகளிலிருந்து ஸ்கைப் வழியே பேசுவார்கள், கதை வாசிப்பார்கள், பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு வியப்பார்கள். பாட்டி மேகம் இந்த ஆய்வுக்கூடங்களுக்கு முன்பே, 2009-இல் தொடங்கியது.

அதற்கும் முன்பு ஹைதராபாத்தில் மித்ராவும் ஜேம்ஸ் டூலி முதலியோரும் ஓர் ஆய்வு நடத்தினர். மாணவர்கள் ஆங்கிலப் படங்களையும் மொழிப் பயிற்சி மென்பொருளையும், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, ஆசிரியர் இல்லாமலேயே உச்சரிப்பைத் திருத்திக்கொண்டனர். 2003-இல் வெளியான அந்த ஆய்வின் சாரம், கணினி தங்கள் சொல்லைத் தவறாக எழுதும்போதெல்லாம் பிள்ளைகள் மறுபடி முயன்றார்கள் என்பது. 2010-இல் வெளியான, மித்ராவின் காளிக்குப்பம் ஆய்வு தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. தமிழ் மட்டுமே பேசும் சிற்றூர்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூற்று உயிரியல் பாடங்களைத் தாமாகவே படித்துத் தேர்வில் ஏறத்தாழ 30 விழுக்காடு எடுத்தனர். அந்தப் பாடமே தெரியாத ஓர் இளம்பெண் அருகிலிருந்து ஊக்கப்படுத்திய பிறகு மதிப்பெண் 50-ஐ எட்டியது.

இந்த முடிவுகளை அப்படியே ஏற்காதவர்கள் உண்டு. பிள்ளைகள் தாமே கற்பதற்காக மித்ரா முன்னர் பொதுவிடங்களில் சுவரில் பதித்த கணினிகளின் பயனைப் பற்றி ஆய்வாளர்கள் மார்க் வார்ஷவரும் பாயல் அரோராவும் எழுப்பிய ஐயங்கள், இடம் காலப்போக்கில் கைவிடப்படுவதையும் பெண்பிள்ளைகள் ஒதுக்கப்படுவதையும் சுட்டின. கோராகாட்டியில் மின்சாரமும் இணைப்புமே பெரும்பாடாயின. ஆயினும் காளிக்குப்பத்தின் அந்த இளம்பெண்ணின் இடத்தை வேறெதுவும் நிரப்பவில்லை என்பதை இரு தரப்பாலும் மறுக்க முடியாது. விதி தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதைவிட, பிள்ளை எழுதிய வாக்கியத்தை ஒருவர் ஆர்வத்தோடு படிக்க வேண்டும் என்பது முதல் தேவை.

இன்றைய நிலை

பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, டியூஷனும் கைபேசிக்குப் போனது. ஒரே கைபேசியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொண்ட வீடுகளில் பெரும்பாலும் தேர்வு எழுதவிருந்தவருக்கே முன்னுரிமை. மாநில அரசு 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு டேப்லெட்டோ கைபேசியோ வாங்க 10,000 ரூபாய் வழங்கியது. ‘தருணேர் ஸ்வப்ன’ என்ற அந்தத் திட்டம் பின்னர் 11-ஆம் வகுப்புக்கும் வந்தது. ஆங்கில அடிப்படை உறுதிப்பட வேண்டிய 8, 9-ஆம் வகுப்புகள் அதற்கு வெளியே நிற்கின்றன.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் கடிதம், பத்தி, கட்டுரை எல்லாம் நொடியில் கிடைக்கின்றன. எழுதித் தரச் சொல்லும் மாணவர் ஒன்றும் பெறுவதில்லை. தான் எழுதியதைக் கொடுத்து, பிழை உள்ள வரியை மட்டும் காட்டு, திருத்தாதே என்று கேட்பவருக்கு அது பொறுமையான துணை. கேள்வியை வங்க மொழியிலோ தமிழிலோ கேட்கலாம் என்பது கூடுதல் வசதி. மத்யமிக் விடைத்தாளோ இன்னும் பேனாவால் எழுதப்படுவது. ஆகவே திரையில் திருந்திய வாக்கியத்தை நோட்டில் ஒருமுறை எழுதிவைக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் வற்புறுத்துவது நல்லது.

செயலிகள் திரட்டும் தரவும் கவனிக்க வேண்டியது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் கூறுகிறது. இலவசப் பயிற்சிச் செயலியில் பிள்ளை கணக்குத் தொடங்கும்போது, பள்ளிப் பெயரையும் கைபேசி எண்ணையும் எதற்காகக் கேட்கிறார்கள் என்று பெற்றோர் உடனிருந்து பார்க்க வேண்டும்.