படைச்செலவும் மிகைப்பணமும்: மலையக நோக்கில் ஒரு வரலாற்றுக் குறிப்பு

பொதுப்பணத்தின் மீதான அதிகாரமே மக்களாட்சியின் உயிர்நிலை. அவ்வதிகாரம் கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் படைச்செலவாகும். சமாதான காலத்திலே பாராளுமன்றத்தின் சம்மதமின்றி நிலையான படை வைத்திருத்தல் சட்டத்துக்கு முரணானது என 1689ஆம் ஆண்டின் ஆங்கில உரிமைச் சட்டம் விதித்தது. படையின் பணப்பையை மன்றம் தன் கையில் வைத்திராவிடின், பிற உரிமைகள் யாவும் ஏட்டளவிலேயே நிற்கும் என்பதே அவ்விதியின் உட்பொருள். இலங்கையில் இதே வினா எழுந்தபோது அதற்குக் களம் அமைத்தவை மலைநாட்டுத் தோட்டங்களே. ஆயின், அத்தோட்டங்களில் உழைத்தோர் அவ்வினாவை எழுப்பும் உரிமையை எப்போது பெற்றனர் என்பது வரலாற்று மாணவர் அதிகம் நோக்காத பக்கமாகும்.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை அடுத்து 1833இல் சட்டநிரூபண சபை நிறுவப்பட்டது. அதில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவர் மட்டுமே. அவர்களும் மக்களால் தெரியப்பட்டவரல்லர்; தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவரே. உத்தியோக உறுப்பினரே பெரும்பான்மையினராதலின், வாதம் எத்துணை வலியதாயினும் வாக்கெடுப்பின் முடிவு முன்னரே அறியப்பட்டதாயிருந்தது.

கோப்பிச் செழிப்பினால் 1860களின் தொடக்கத்தில் அரசிறை பெருகியது. செலவு போக எஞ்சிய மிகைப்பணத்தைத் தெருக்களுக்கும் புகையிரதப் பாதைக்கும் செலவிட வேண்டுமெனத் தோட்டத் துரைமார் விரும்பினர். கோப்பி மூடைகள் மலையிலிருந்து மாட்டு வண்டிகளில் இறங்கிய காலம் அது. கொழும்பு–கண்டி புகையிரதப் பாதை 1867இலேயே திறக்கப்பட்டது. ஆயின் இலண்டனின் நோக்கம் வேறாயிருந்தது. குடியேற்ற நாடுகளின் படைச்செலவை ஆராய்ந்த ஆங்கிலப் பொதுமக்கள் சபையின் 1861ஆம் ஆண்டுத் தெரிவுக்குழு, அச்சுமையை அந்நாடுகளே கூடியளவு தாங்கவேண்டும் எனும் கருத்தை வலுப்படுத்தியது. அதன்வழி குடியேற்ற நாட்டுச் செயலாளர் கார்ட்வெல் இலங்கையிடம் படைச்செலவைக் கோரினார். இங்கே ஒரு முரண் நோக்கத்தக்கது. ஆங்கிலேய வரியிறுப்பாளரின் பணத்தை அவர்தம் பாராளுமன்றம் விழிப்புடன் காத்தது. அவ்விழிப்பின் பயனாக, பாராளுமன்றமே இல்லாத ஒரு நாட்டின் வரியிறுப்பாளர் மீது அச்சுமை இறங்கியது.

1864 நவம்பரில் இப்பிணக்கு முற்றியது. அப்போது பதில் தேசாதிபதியாயிருந்த ஓ'பிறையன் இலங்கைப் படைகளின் தளபதியும் ஆவார். படைக்குப் பணம் கேட்டவரும் சபைக்குத் தலைமை தாங்கியவரும் ஒருவரே! சபையின் சம்மதமின்றி இலண்டனில் தீர்மானிக்கப்பட்ட செலவு உத்தியோகப் பெரும்பான்மையால் நிறைவேற்றப்படுவதை எதிர்த்து, ஜோர்ஜ் வோல் தலைமையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவரும் பதவி துறந்தனர். பறங்கியர் சமூகத்தின் தலைவர் சாள்ஸ் லோரன்சும் அவர்களுள் ஒருவர். 1865இல் அவர்கள் இலங்கைச் சங்கத்தை அமைத்து, நிதி மீதான கட்டுப்பாட்டையும் உத்தியோகப்பற்றற்ற பெரும்பான்மையையும் கோரினர். இலண்டன் இணங்கவில்லை. 1889இல் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் தொகை ஆறிலிருந்து எட்டாக உயர்ந்தபோதும் பெரும்பான்மை மாறவில்லை.

இப்போராட்டத்தை இலங்கை அரசியல் விழிப்பின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்வது பொருத்தமானதே. எனினும் அதன் எல்லையையும் நாம் காணல் வேண்டும். துரைமார் தம் பணமெனக் கொண்டு வாதிட்ட அரசிறையில் அரிசி இறக்குமதித் தீர்வை ஒரு முக்கிய பங்காயிருந்தது. தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து கோப்பி பறித்த தொழிலாளி உண்டதும் அந்த இறக்குமதி அரிசியே. ஆக, அவனும் வரியிறுப்பாளனே. ஆயினும் மிகைப்பணம் யாருடையது என்ற விவாதத்தில் அவன் பெயர் எவராலும் உச்சரிக்கப்படவில்லை.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. பருவந்தோறும் வந்து சென்ற தொழிலாளர் ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் நிலையாகக் குடியிருக்கலாயினர். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியபோது ஹற்றன் தொகுதியின் உறுப்பினரான பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். ஆயின் பாதுகாப்பும் நிதியும் மக்கள் தெரிந்த அமைச்சரிடம் ஒப்படைக்கப்படாமல், அரச அலுவலர் பொறுப்பிலேயே விடப்பட்டன. வாக்கு வந்தது, பணப்பை வரவில்லை.

சுதந்திரத்தின் பின் பணப்பை பாராளுமன்றத்துக்கு வந்தது. அவ்வேளையிலேயே மலையகத்தின் வாக்குப் பறிக்கப்பட்டது. 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் வேறு சிலரும் பாராளுமன்றம் சென்றிருந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் பெருந்தொகையான தோட்டத் தமிழரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கின. இலங்கைத் தரைப்படை நிறுவப்பட்டதும் அதே 1949இலேயே. இவை ஒன்றற்கொன்று காரணமல்ல. ஆயினும் தேசத்துக்கெனத் தனிப்படை பிறந்த ஆண்டிலேயே, அதன் செலவை வினவும் வாய்ப்பை ஒரு சமூகம் இழந்தது என்பது மறக்கற்பாலதன்று.

1952 பாராளுமன்றத்தில் இம்மக்களின் பிரதிநிதி எவருமிலர். சுதந்திர இலங்கையின் பாதீடு மிகையைக் கண்ட ஆண்டுகள் மிக அரியன. 1954, 1955 ஆகியவை அவற்றுட் சேரும். அம்மிகைக்குப் பெருங்காரணம் தேயிலை விலையேற்றமாகும். கொழுந்து பறித்த கைகள் ஈட்டிய மிகையைப் பாடசாலைக்குச் செலவிடுவதா, படைக்குச் செலவிடுவதா என விவாதித்த மன்றத்தில் அக்கைகளுக்கு ஓர் ஆசனமும் இருக்கவில்லை. உத்தியோகப்பற்றற்றோர் பதவி துறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின், 1964 ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேருள் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு என எழுதப்பட்டது. அம்மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியை அடுத்துப் படைச்செலவு உயர்ந்தபோதும் நிலைமை இதுவே. இடையிடையே நியமன உறுப்பினர் இருந்தனராயினும், மக்கள் தெரிந்த பிரதிநிதியாகத் தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சென்றது 1977இலேயே.

மேற்பார்வை என்பது கணக்கேட்டைப் புரட்டும் தொழில்நுட்பம் மட்டுமன்று. கணக்காய்வாளர் அதிபதியும் பொதுக் கணக்குக் குழுவும் எத்துணைத் திறமையுடன் இயங்கினும், ஆசனமற்றவரின் வினா அவ்வேட்டில் இடம்பெறாது. 1864இல் வோல் குழுவினர் பதவி துறந்து தம் எதிர்ப்பைப் பதிவு செய்தனர். துறப்பதற்கு அவர்களிடம் ஒரு பதவியேனும் இருந்தது. மலையக மக்களுக்கு அதுவும் இருக்கவில்லை.

2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது. 2009இல் போரும் முடிந்தது. எனினும் பாதுகாப்பு இன்றும் பாதீட்டின் பெருந்தலைப்புகளுள் ஒன்றாகவே உள்ளது. இன்று மலையகத்துக்கு வாக்கும் உண்டு, பிரதிநிதிகளும் உண்டு. லயன் அறைகளும் தோட்டப் பாடசாலைகளும் கூடுதல் ஒதுக்கீட்டுக்காகக் காத்து நிற்கையில், படைச்செலவின் ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குக் கேட்பது அப்பிரதிநிதிகளின் கடமையாகும். அவர்களை அவ்வாறு கேட்கச் செய்வது நம் கடமை.